ஒன்பதாவது செவ்வாயன்று டொக்டர் சொன்னது

சனிக்கிழமைக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். வெள்ளவத்தையில் அந்த மேல்மாடி அறையில், கீழே பேக்கரியிலிருந்து பாண் வாசம் ஏறிவர, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வட்டமாகக் கதிரை போட்டு உட்கார்கிறோமே, நமக்கு வேறு பெயர் ஒன்றும் இல்லை. 'வீட்டில் மனநோய் உள்ள ஒருவரைப் பராமரிக்கும் குடும்பத்தார்' என்று முழுதாகச் சொன்னால் மூச்சு வாங்குகிறது. நம்மில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறோம், ஏறி முடித்ததும் பிள்ளைகளைப் பற்றியும் கணவன்மாரைப் பற்றியும் கதைக்கிறோம்.

போன தடவை, நம் கூட்டத்தை நடத்தும் மிஸ், அந்த ஓய்வுபெற்ற தாதி, என்னைப் பிடித்துக்கொண்டார். "இண்டைக்கு நீங்கள் சொல்லுங்கோ. ரெண்டு வருஷமா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக்கொண்டே தப்புறீங்கள்." நான் மகனைப் பற்றி நாலு வசனம் சொல்லிவிட்டு, காலி வீதியில் தண்ணீர் நின்ற கதைக்குத் தாவிவிட்டேன். நீங்களும் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டீர்கள். நான் சொல்ல வேண்டியது எனக்குப் பதினொரு வயதில் நடந்தது. வாயால் வராது என்பதால் எழுதிக்கொண்டு வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. வாசிக்கும்போது யாரும் நடுவில் "சின்னப் பிள்ளைதானே" என்று சொல்லக் கூடாது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஐம்பது வருஷத்தை ஓட்டியிருக்கிறேன்.

நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தோம். ஒட்டி ஒட்டிப் பதின்மூன்று வீடுகள், எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி அதிரும். அப்பா அங்கேதான் கிளார்க்; பகல் இரவு என்று முறைவேலை. அம்மா வீடும் அந்தோனியார் கோயிலும். இரண்டு அறை வீட்டில் எங்களோடு சின்னம்மாவும் இருந்தார். அம்மாவுக்கு ஒரே தங்கச்சி, அப்போது முப்பது வயது இருக்கும், கலியாணம் ஆகவில்லை.

சின்னம்மா புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். பொத்தான், லேஸ், ரிபன், ஊசி, நூல் விற்கும் கடை. வாடிக்கைக்காரி ஒருத்தி சட்டைத் துணியைக் காட்டினால் போதும், பெட்டிக்குள் கையை விட்டு, பார்க்காமலே பொருத்தமான பொத்தானை எடுத்துவிடுவாராம். கலியாணச் சட்டைக்கு லேஸ் தேடி மாத்தறையிலிருந்துகூட ஆட்கள் அவரைக் கேட்டு வருவார்கள் என்று அம்மா பெருமையடிப்பார். உடைந்த செட், மிஞ்சின ஒற்றைப் பொத்தான் எல்லாம் எனக்கு வரும். ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தேன். மழை நாட்களில் அதைப் பாயில் கொட்டி, சங்குப் பொத்தானை ஒரு பக்கமும் கண்ணாடிப் பொத்தானை ஒரு பக்கமுமாகப் பிரிப்போம். சங்குப் பொத்தானைக் கன்னத்தில் வைத்தால் குளிரும். "இதுதான் உண்மையானது, பிள்ளை. மற்றது சூடாகிப் போகும்" என்று சின்னம்மா சொல்லித் தந்தார். அந்த டின் எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு கடையிலிருந்த ரேடியோ தன்னைப் பற்றிக் கதைக்கிறது என்று சின்னம்மா சொல்லத் தொடங்கினார். முதலில் சிரித்தோம். பிறகு வீட்டு ரேடியோவும் கதைத்தது. அப்பா அதைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார். சின்னம்மா வேலைக்குப் போகாமல், சாப்பிடாமல், குசினி மூலையில் நின்றார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். அம்மா ஒழுங்கைக்கு ஒரு கதை சொன்னார், காய்ச்சல் என்று. அந்தக் காய்ச்சல் ஐந்து மாதம் நீண்டது. எண்ணெய் மந்திரித்தார்கள், கழுத்தில் மெடல் போட்டார்கள், கடைசியில் அப்பாவோடு வேலை செய்த ஒருவர்தான் அந்தப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரியின் கிளினிக்கைப் பற்றிச் சொன்னார்.

அந்த ஆஸ்பத்திரி இருந்த ஊரின் பெயரை எங்கள் ஒழுங்கையில் ஏசுவதற்குத்தான் பாவிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் மூன்று பேர் போனோம். அம்மா, சின்னம்மா, நான். நான் எதற்கு என்றால், அம்மாவுக்குச் சிங்களத்தில் "கீயத" என்று விலை கேட்பதைத் தவிர வேறொன்றும் வராது. அப்பாவுக்கு லீவு கிடையாது. நான் ஒழுங்கைப் பிள்ளைகளோடு விளையாடிச் சிங்களத்தைத் தண்ணீராகக் கதைப்பேன். ஆகவே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, இரட்டைப் பின்னலோடு, மனநோய் டொக்டருக்கும் என் குடும்பத்துக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர். இப்போது நினைத்தால் தலை சுற்றுகிறது. அப்போது எல்லாருக்கும் அது சாதாரணமாக இருந்தது.

கிராண்ட்பாஸ் தாண்டி, ஒருகொடவத்தையில் லொறிகள் கிளப்பும் சிவப்புப் புழுதிக்குள்ளால் பஸ் போகும். சின்னம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார். கிளினிக்கில் காத்திருந்து உட்கார நீண்ட வாங்கு. முதலில் நர்ஸ் ஊசி போடுவார், பிறகு டொக்டர் அறை. டொக்டர் நல்ல மனுஷர், தடித்த கண்ணாடி. என்னைப் 'பொடி நோனா' என்பார், சின்ன மேடம் என்பது போல. சின்னம்மாவைப் பற்றி என்னிடம் கேட்பார். சாப்பிடுகிறாரா? தூங்குகிறாரா? தனியே கதைக்கிறாரா? நான் அம்மாவிடம் கேட்பேன். அம்மா சொல்வதை நான் டொக்டருக்குச் சொல்வேன். நடுவில் ஸ்டூலில் சின்னம்மா, கையை மடியில் வைத்துக்கொண்டு.

ஊசி வேலை செய்தது. நாலாவது மாதம் சின்னம்மா தானாகத் தலை வாரினார். ஐந்தாவது மாதம் தையல் மெஷினின் மூடியைக் கழற்றினார். கடை முதலாளி வீட்டுக்கு வந்து, கோயில் திருநாள் முடிந்ததும் வேலைக்கு வரலாம், இடத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னம்மா அன்றைக்கு எனக்கு முன்னால் நின்று கையை விரித்துக் காட்டினார். "பார், நடுங்கேல்லை. லேஸ் வெட்டலாம்." அவருக்கு வேண்டியதெல்லாம் அந்த மேசைக்குப் பின்னால் திரும்பிப் போய் நிற்பதுதான்.

அம்மா அதற்கிடையில் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தார், ஒன்பது செவ்வாய் தவறாமல் நவநாள் பூசைக்குப் போவதென்று. ஒரு செவ்வாய் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிளினிக் நாளில் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து பஸ் ஏறுவார். சின்னம்மாவுக்குச் சுகம் வர வர, ஊசிக்கு எவ்வளவு, அந்தோனியாருக்கு எவ்வளவு என்று அம்மா மனதில் பங்கு பிரித்துக்கொண்டிருந்திருப்பார். ஊசியின் பங்கு குறைந்துகொண்டே போயிருக்கும்.

என் பக்கத்தில் எனக்கு வேறு வழக்கு. பாடசாலையில் விளையாட்டுப் போட்டிக்கு டிரில் பழக்கினார்கள், செவ்வாயும் வியாழனும். இரண்டு செவ்வாய் நான் இல்லை. "இந்த மாசம் விடுறன், வாற மாசமும் வராமல் நிண்டால் வேற பிள்ளையைப் போடுவன்" என்று டிரில் மிஸ் சொல்லிவிட்டார். அது பரவாயில்லை. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நான் அந்த ஊர்ப் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் இடைவேளையில் நான் போகுமிடமெல்லாம் 'பிஸ்ஸு பஸ்' என்று குரல் கேட்டது. பைத்தியக்கார பஸ். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன், அழுதது தெரியாமல் இருக்க.

ஒன்பதாவது செவ்வாயும் கிளினிக் நாளும் ஒன்றாக வந்தன. அம்மா பூசையிலிருந்து கொஞ்சம் பிந்தி, வேர்த்து விறுவிறுத்து வந்தார். கிளினிக்கில் ஊசி போட்டு முடிந்து உள்ளே போனோம். டொக்டர் சின்னம்மாவின் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், அட்டையைப் புரட்டினார், பெரிதாகச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நல்ல முன்னேற்றம். ஆனால் இது ஊசியால் வந்தது. நன்றாக இருக்கிறார் என்று நினைத்து ஊசியை நிறுத்தக் கூடாது. "நவத்தன்ன எப்பா." நிறுத்தவே வேண்டாம். அதை இரண்டு தரம் சொன்னார். "அம்மட்ட கியன்ன", அம்மாவிடம் சொல்லு என்றார்.

நான் அம்மாவிடம் சொன்னேன். "சின்னம்மாவுக்குச் சுகமாம். இனி ஊசி வேண்டாமாம். இனி வரத் தேவையில்லையாம்."

"உண்மையாவோ? வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் அம்மா."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். டொக்டருக்கு அது நன்றி மாதிரித் தெரிந்தது. அவரும் தலையாட்டிச் சிரித்தார். ஸ்டூலில் இருந்த சின்னம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. கவனித்தேன்.

பஸ்ஸில் போகும்போதே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தது. ஆனால் அம்மா வழியிலேயே இறங்கி, பாண் வாங்கி, கோயில் வாசலில் இருந்த ஏழைகளுக்குக் கொடுத்தார். நேர்த்திக் கடன். வீட்டுக்கு வந்து கிளினிக் அட்டையை அந்தோனியார் சிலையின் கீழே, நன்றிக் காணிக்கையாக வைத்தார். ஒழுங்கை முழுதும் அந்தோனியார் செய்த புதுமை, அற்புதம் என்று கதை. நான் சொன்ன பொய்யை மூன்று மணித்தியாலத்தில் அந்தோனியார் பொறுப்பெடுத்துவிட்டார். இனி நான் வாயைத் திறந்தால் பொய்க்காரி மட்டுமல்ல, புனிதருக்கும் எதிரி. அந்த அட்டையில் அடுத்த தேதி எழுதியிருந்தது. ஒவ்வொரு மாலையும் செபமாலை சொல்லும்போது என் கண்ணுக்கு நேரே அது இருந்தது. அப்பா சிலைப் பக்கம் நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் திரும்புகிறவர், ஆகவே பார்க்கவில்லை. அந்தத் தேதி வந்தது, போனது. நான் டிரிலில் நின்றேன்.

டிரிலுக்கு வெள்ளைச் சட்டையும் இடுப்பில் நீல ரிபனும். என்னுடையதைச் சின்னம்மாதான் தைத்தார். முழங்காலுக்குச் சரியாக நாலு விரல் கீழே, விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத தையல். தைக்கும்போது இடையிடையே மெஷினை நிறுத்திக் காதைக் கொடுப்பார். ரேடியோ இன்னும் அலுமாரிக்கு மேலே துணிக்குள்தான் இருந்தது. நான் கண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

விளையாட்டுப் போட்டி அன்று அம்மா வரவில்லை, அப்பா வேலைக்கு. பாண்ட் அடித்தது, நாங்கள் எட்டு வரிசையாக மைதானத்துக்குள் போனோம். கையை உயர்த்தியபோது, சின்னம்மா கயிற்றுக்குள்ளால் குனிந்து வருவதைக் கண்டேன். செருப்பு இல்லை. வாயில் குண்டூசிகள். முதல் வரிசைப் பிள்ளையின் முன்னால் முழங்காலிட்டு அவளது சட்டை விளிம்பை மடித்துக் குத்தினார். பிறகு அடுத்த பிள்ளை. "இறங்கியிருக்கு, எல்லாம் இறங்கியிருக்கு, கடையில பாத்துக்கொண்டிருக்கினம்" என்றார். பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள், ஒருத்தி அழுதாள். பாண்ட் நின்றது. சிஸ்டர் ஒருவர் ஓடிவந்து சின்னம்மாவின் தோளை மெதுவாகப் பிடித்து, எங்களைப் பார்த்துக் கேட்டார், "இவ ஆரின்ர ஆள்?"

நான் மூன்றாவது வரிசை. சின்னம்மாவுக்கும் எனக்கும் நடுவே இரண்டு பிள்ளைகள். கையை மேலே தூக்கியபடியே நேராகக் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னம்மாவும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சிஸ்டரின் பிடியிலும் ஒவ்வொரு விளிம்பாகத் தொட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனபோது என் விளிம்பை மட்டும் தொடவில்லை. அது சரியாகத்தான் இருந்தது, அவர் தைத்ததுதானே.

ஒழுங்கைக்காரர் ஒருவர் அடையாளம் கண்டு அப்பாவுக்குச் செய்தி அனுப்பினார். அப்பா டாக்ஸி பிடித்து வந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவுக்குச் சிங்களம் தெரியும். திரும்பி வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார், "ஊசியை நிப்பாட்டினதாலதானாம். டொக்டர் நிப்பாட்டச் சொல்லவே இல்லையாம்."

"சொன்னவரே! பிள்ளைதானே கேட்டுச் சொன்னது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னும் வெள்ளைச் சட்டையோடு நின்றேன். அப்பாதான் எனக்கு வழி திறந்துவிட்டார். "பிள்ளைக்கு விளங்கியிருக்காது. சின்னப் பிள்ளைதானே. என்ன மகள், விளங்கேல்லையோ?"

"விளங்கேல்லை, அப்பா."

அதோடு வழக்கு முடிந்தது. எனக்கு அடிகூட விழவில்லை. அம்மா குற்றத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒன்பதாவது செவ்வாயன்று காலையில் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை பிடித்துவிட்டுப் பூசைக்குப் பிந்திப் போனாராம், அதனால்தான் அந்தோனியார் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டாராம். சாகும்வரை அதை நம்பினார். கடைசி நாட்களில்கூட, "அண்டைக்கு நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்" என்பார். நான் கட்டிலருகே உட்கார்ந்து, "விடுங்கோ அம்மா" என்பேன். அப்படிச் சொல்லி அவரைத் தேற்றியதற்காக ஆட்கள் என்னை நல்ல மகள் என்றார்கள்.

சின்னம்மா அந்த முறை நெடுங்காலம் அங்கேயே இருந்தார். ஒழுங்கைக்கு, மலைநாட்டில் கன்னியர் மடத்தில் தையல் படிப்பிக்கிறார் என்று கதை. கடை முதலாளி வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார். அம்மா மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பார். என்னைக் கூப்பிட்டால் எனக்குப் பரீட்சை இருக்கும்.

நான் டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்ததால் தனியே போக வேண்டியதாயிற்று. சின்னம்மா ஒரு மரத்தின் கீழ் வாங்கில் இருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் தெளிவாக இருந்தார். தையல் அறையிலிருந்து ஒரு பெண் வந்து நூலைப் பற்றி ஏதோ கேட்டார். சின்னம்மா சிங்களத்தில் பதில் சொன்னார். சிரித்து, பகிடி விட்டு, என்னைவிட அழகான சிங்களத்தில். நான் கட்டுச்சோற்றைப் பிரித்த கை அப்படியே நின்றது. ஐந்து வருஷம் புறக்கோட்டையில் சிங்கள மாத்தறைக்காரிகளுக்கு லேஸ் விற்றவர். அவருக்குச் சிங்களம் தெரியாமல் எப்படி இருக்கும்? எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. வருத்தக்காரி, நோயாளி என்றவுடன் அவருக்கு இருந்த மொழியையும் நாங்கள் கழித்துவிட்டோம்.

அவர் என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார். "ஓம் பிள்ளை. எனக்குக் கேட்டது. 'நவத்தன்ன எப்பா' எண்டவர். ரெண்டு தரம்." டொக்டரின் குரலிலேயே, கண்ணாடியைத் தூக்கிவிடுவது போல விரலை வைத்துக்கொண்டு சொன்னார்.

"அப்ப ஏன் சின்னம்மா நீங்கள் சொல்லேல்லை?"

"அவர் என்னோட கதைக்கேல்லையே. உன்னோடதானே கதைச்சவர். அக்காவும் உன்னட்டத்தானே கேட்டவ. நான் சொன்னால் வருத்தக்காரி உளறுறாள் எண்டிருப்பினம்." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "நீயும் டிரிலுக்குப் போக ஆசைப்பட்டனி. சட்டை அளவாய் இருந்ததோ? எனக்கு வடிவாப் பாக்கக் கிடைக்கேல்லை."

அளவாக இருந்தது என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதற்குப் பிறகும் வருஷங்கள் இருந்தன. வீட்டில் கொஞ்சக் காலம், அங்கே கொஞ்சக் காலம் என்று அவர் எங்களோடு இருந்தார். கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

சரி, இனி மகன். அவனுக்கு முப்பத்திநாலு வயது, கட்டடப் படம் வரைகிறவன், எட்டு வருஷமாக மருந்தில் இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். போன புதன்கிழமை கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் இளம்பெண், நல்லாத் தமிழ் கதைக்கிறவர். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பொதுவாகத்தான் கேட்டார், "நித்திரை எப்பிடி?" என்று. நான் முந்திக்கொண்டேன். "நல்லா நித்திரை கொள்றார், டொக்டர். பத்து மணிக்கே லைட்டை நூத்திடுவார்." அவர் எழுதிக்கொண்டார். அதே மருந்து, அதே அளவு, அடுத்த மாதம் வாருங்கள்.

பஸ்ஸில் மகன் ஜன்னல் பக்கம். கிருலப்பனை நெருங்கும்போது, வெளியே பார்த்தபடியே சொன்னான், "அம்மா, டொக்டர் என்னையும்தானே கேட்டவ."

அவன் பக்கம் திரும்பி, "அப்ப நீ என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேட்டேன். எட்டு வருஷத்தில் முதல் தடவை.

"நித்திரை இல்லை எண்டு. மூண்டு கிழமையா. நீங்கள் பயப்படுவீங்கள் எண்டுதான் லைட்டை நூக்கிறனான். இருட்டுக்குள்ள முழிச்சுக்கொண்டு கிடப்பன். திரும்பவும் அந்தக் குரல்கள் தொடங்கப்போகுதோ எண்டு பயமா இருக்கு."

நான் எழும்பி மணியை அடித்தேன். கிருலப்பனையில் இறங்கி, வீதியைக் கடந்து, வந்த திசைக்கே பஸ் பிடித்தோம். கிளினிக்கைப் பூட்டப் போகிற நேரம். சிற்றூழியரிடம் கெஞ்சி உள்ளே விடச் செய்தேன். டொக்டர் கதவடியில் நின்று, "அம்மாவும் வாங்கோவன்" என்றார்.

"இல்லை டொக்டர். அவரே சொல்லுவார்."

கதவு சாத்தினார்கள். நான் மகனின் குடையை மடியில் வைத்துக்கொண்டு வெளி வாங்கில் உட்கார்ந்தேன். உள்ளே அவன் குரல் கேட்டது, நெடுநேரம் கேட்டது. என்ன சொல்கிறான் என்று விளங்கவில்லை. இந்த முறை உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை.